தண்ணீரைத் தெளியவைத்த சாந்திக்கு

மருமகளாக வந்து எனக்கே மாமியாராக இருந்த என் சாந்தி,

அன்றைக்குக் கம்பெனியில் உன்னை என்கொயரி பண்ணின அந்த அறையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்கிறேன், கேள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் மேடம். அவருக்குப் பக்கத்தில், தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்த கிளார்க். ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு சூப்பர்வைசர் தயாளன். லேபிலிருந்து நிவேதா, வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத கெமிஸ்ட் பெண். கதவோரம் என் மகன் ஏழுமலை, உன் புருஷன். நடுவில் நீ, உட்காரச் சொல்லியும் உட்காராமல். டீ கொடுக்க வந்த நான், காலி டம்ளர் எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றுவிட்டேன். ஆக ஏழு பேர். யார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். மறக்கிற பாக்கியம் எனக்குக் கிடையாது, உனக்கே தெரியும்.

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. கவரைப்பேட்டை ரோட்டு முனையில் உனக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறான் ஏழுமலை. நீ சிரிக்கிற படம்தான் போட்டிருக்கிறான். ஆனால் கீழே கூப்பிய கையோடு அவன் நிற்கிற படம் உன் படத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. உன் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "இன்னாத்த, செத்தது யாருன்னே தெரியலியே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஃபிளெக்ஸில் இடம் இல்லாத சேதிகள் நிறைய இருக்கின்றன. அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது இது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே நமக்குச் சண்டை, ஞாபகம் இருக்கிறதா? நம் போர்வெல் தண்ணீர் குழாயில் வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் துருப்பிடித்து மஞ்சளாகும். வெள்ளைத் துணி எல்லாம் காவித் துணி. அதோடுதான் நாங்கள் முப்பது வருடமாக இருந்தோம். நீ பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள், உனக்கு அது பொறுக்கவில்லை. டிரம்மில் ரொப்பி மூடிவைத்து, மறுநாள் வரை யாரையும் தொட விடமாட்டாய். துரு எல்லாம் அடியில் இறங்கின பிறகு, மேலாக மொண்டுகொள்வாய்.

"தண்ணிக்குத் தாலாட்டு பாடறியாடி?" என்று கேட்டேன்.

"தூங்கி எழுந்தாதான் தண்ணிக்கும் புத்தி தெளியும் அத்த. உங்களுக்கும் அப்படித்தான்" என்றாய்.

பதினைந்து நாள் உன்னோடு பேசவில்லை. பதினாறாம் நாள் என் வெள்ளை ரவிக்கை வெள்ளையாகவே காய்ந்தது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் வீம்புக்குப் பேசாமல் இருந்தேன்.

சிப்காட்டில் அந்தக் கம்பெனி திறந்தபோது மூன்று பேருமே உள்ளே போனோம். நான் கேன்டீனில். நீங்கள் இரண்டு பேரும் டேங்க் வரிசையில், கான்ட்ராக்டில். அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீதான் ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது சொன்னாய்.

"தண்ணிக்குள்ள ரெண்டு காத்து ஒட்டிக்கினு கீது அத்த. ஒண்ணு நாம மூச்சு வாங்கறது. இன்னொண்ணு எரியறது. கரண்ட் உட்டா ரெண்டும் பிரிஞ்சு வரும். எரியற காத்தைப் புடிச்சு வண்டி ஓட்டலாமாம், இரும்பு உருக்கலாமாம். ஆனா சும்மா உட்டா கரண்ட் எக்கச்சக்கமா இழுக்கும். நாங்க பூச்சு பூசற நிக்கல் வலையை உள்ள எறக்கினா, கம்மி கரண்ட்லயே பிரிஞ்சிடும். வலை கரையாது, தேயாது. பக்கத்துல நின்னு வேலையை சுலுவாக்கும், அவ்ளோதான்."

"இங்க குடிக்கவே நல்ல தண்ணி இல்ல, இவனுங்க அதையும் பிரிக்கறானுங்களா?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாய்.

அந்த வலையைக் கழுவுவதுதான் உன் வேலை. ஆசிட்டில் தோய்த்த பிறகு ஒரு கழுவல், பூச்சு ஏறிய பிறகு ஒரு கழுவல். உப்பு, இரும்பு எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்த தண்ணீரில்தான் கழுவ வேண்டும். டி.எம். தண்ணீர் என்பீர்கள். வேறு தண்ணீர் ஒரு சொட்டுகூட வலையில் படக்கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள்.

பிறகு அந்த டி.எம். மிஷின் பழுதானது. ரிப்பேர் ஆள் வரவில்லை. லாரியில் சரக்கு போக வேண்டிய வாரம். தயாளன் உன் டேங்க் பக்கம் வந்து நின்று, "போர்ல கழுவு, இன்னா ஆயிடப்போவுது" என்றான். "ரிஜிஸ்டர்ல எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டாய். "எழுதலாம், எழுதலாம், மொதல்ல வேலையைப் பாரு" என்று போய்விட்டான். இரண்டு டேங்க் தள்ளி ஏழுமலை நின்றிருந்தான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அதைத்தான் சொல்ல வருகிறேன். கொஞ்சம் பொறு.

நீ குழாயை அப்படியே திறந்துவிடவில்லை. வீட்டில் செய்கிறதையே அங்கேயும் செய்தாய். இரண்டு டிரம்மில் போர் தண்ணீரை ரொப்பி மூடிவைத்து, மறுநாள் அடி கலங்காமல் மேலாக மொண்டு கழுவினாய். கழுவின ஒவ்வொரு வலைக்கட்டுக்கும் சீட்டு எழுதிக் கட்டினாய். "போர் தண்ணி. டிரம்மில் ஒரு நாள் தெளிந்தது. சாந்தி." மறைக்க நினைக்கிறவள் சீட்டு எழுதிக் கட்டுவாளா? அடுத்த ஷிப்ட் ஆட்கள் குழாயை நேராக வலை மேலேயே பிடித்தார்கள். அந்தக் கட்டுகளில் சீட்டும் இல்லை, பேரும் இல்லை.

வலை எல்லாம் லேசாகப் பழுப்பேறிவிட்டது. லேபில் நிறத்தைப் பார்த்தே ரிஜெக்ட் என்று எழுதிவிட்டார்கள். யார் கழுவியது என்று தேடினார்கள். பேர் இருந்தது உன் கட்டுகளில் மட்டும்தான்.

அந்த அறையில் மேடம் கேட்டார். "யார் சொல்லி போர் தண்ணி எடுத்தீங்க?" நீ தயாளனைக் காட்டினாய். தயாளன், "நான் ஏன் மேடம் அப்படி சொல்லப்போறேன், சுவத்துலயே எழுதிக் கீதே" என்றான். "அவர் சொன்னதை வேற யாராவது காதால கேட்டாங்களா?" என்றார் மேடம். நீ கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாய். வெறுமனே பார்த்தாய்.

ஏழுமலை தரையைப் பார்த்தான். "நான் கவனிக்கல மேடம். மோட்டார் சத்தம்" என்றான்.

அந்த மாதம் பர்மனென்ட் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் அவன் பேர் இருந்தது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாந்தி, நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. தயாளன் உனக்கு உத்தரவு போட்ட அன்றைக்குச் சாயங்காலம், நீ கடைக்குப் போயிருந்தாய். கைகால் கழுவிக்கொண்டே ஏழுமலை என்னிடம் சொன்னான்: "அந்தாளு வாயால சொன்னான், இவ எழுதிக் குடுன்னு கேக்கறாம்மா. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். இவளுக்கு இன்னா தைரியம் பாரு." பெருமையாகத்தான் சொன்னான். அதைக் காதால் கேட்டவள் நான். அவன் பொய் சொன்னபோது, ஐந்தடி தூரத்தில் டம்ளர் தட்டோடு நின்றவளும் நான். வாய் திறக்கவில்லை. பெற்ற பிள்ளை பர்மனென்ட் ஆகட்டும் என்று நினைத்தேன். உனக்கு என்ன, கெட்டிக்காரி, வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன்.

அந்த நினைப்புக்கு என்னவென்று பேர் வைப்பது?

உன் பேப்பரில் "அலட்சியம் காரணமாகப் பணிநீக்கம்" என்று அடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லை நீ திரும்பத் திரும்பப் படித்தாய். "வேலை போனா போவுது அத்த. அலட்சியம்னு எழுதிட்டாங்களே" என்றாய். இரண்டு இடத்தில் அந்தப் பேப்பரைக் காட்டினாய், இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். பிறகு முன் வேலையே இல்லாதவள் மாதிரி சொல்லி, மீஞ்சூர் பக்கம் ஒரு குடோனில் பெட்டி ஒட்டும் வேலைக்கு லோக்கல் ரயில் ஏறினாய்.

நீ அவனைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. சோறு போட்டாய், சட்டை துவைத்தாய், பேச்சு மட்டும் இல்லை. அவன் பர்மனென்ட் ஆனதும் குடும்பத்துக்கே சேர்த்து மெடிக்கல் கார்டு கொடுத்தார்கள். உன் போட்டோ ஒட்டின கார்டு. அதை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டாய்.

அந்தக் காய்ச்சல் வந்தபோதும் வேலைக்குப் போனாய். புது இடம், லீவு எடுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றாய். மூன்றாம் நாள் நான் அந்தக் கார்டை எடுத்து நீட்டினேன்.

"ஆஸ்பத்திரிக்கு வாடி. காசே கட்ட வேணாமாம்."

"அது என் பேரைக் குடுத்து வாங்குன கார்டு அத்த. அதுல நான் படுக்க மாட்டேன்."

"வீம்புக்கு ஒரு அளவு இல்லியா?"

"உங்ககிட்ட கத்துக்கினதுதான்."

அப்போதும் சிரித்தாய். உன்னை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா நான்? தெருமுனையில் ஊசி போடுகிறவரிடம் போய்விட்டு வந்து படுத்தாய். ஐந்தாம் நாள் பல் ஈறில் ரத்தம் வந்த பிறகுதான் ஆம்புலன்ஸ். அங்கே உன்னிடம் யாரும் கார்டு கேட்கவில்லை. கேட்கிற நேரம் தாண்டிவிட்டது. டெங்கு என்றார்கள்.

இப்போது உனக்கு ஒரு சேதி. உட்கார்ந்து கேள்.

இரண்டு மாதம் முன்னால் நிவேதா கேன்டீனுக்கு வந்தாள். டீயை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "பாட்டிமா, சாந்தி அக்கா கழுவின வலை இன்னும் ரிஜெக்ட் ரேக்லதான் இருந்துச்சு. பழைய இரும்புக்குப் போடறதுக்கு முன்னாடி சும்மா ஒண்ணு எடுத்து ஓட்டிப் பாத்தேன்" என்றாள்.

"அதுக்கு இன்னா இப்போ? செத்தவளை மறுபடி என்கொயரி பண்றீங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

"இல்ல பாட்டிமா. நம்ம நல்ல வலையைவிட அது கம்மி கரண்ட்ல தண்ணியைப் பிரிக்குது. வாரக்கணக்கா ஓடுது, இறங்கவே இல்ல."

"நல்லதா கெட்டதா, அதைச் சொல்லு."

"ரொம்ப நல்லது."

பிறகு விளக்கிச் சொன்னாள். நிக்கலோடு துளியூண்டு இரும்பு சேர்ந்தால், மூச்சு வாங்குகிற காற்று வருகிற பக்கம் வேலை இன்னும் சுலபமாகிவிடுமாம். நம் போர் தண்ணீரில் இருக்கிற இரும்புதான் உன் வலையில் ஏறியிருக்கிறது. அடுத்த ஷிப்டில் குழாயை நேராகப் பிடித்துக் கழுவியதையும் ஓட்டிப் பார்த்தாளாம். அதில் துரு அப்பிக்கொண்டு, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. நீ தெளியவைத்து மொண்டதால், வேண்டாத துரு அடியிலேயே தங்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு இரும்பு மட்டும் தண்ணீரில் நின்றிருக்கிறது. உன் சீட்டைக் கையில் வைத்திருந்தாள். "இந்த சீட்டு இல்லேன்னா எனக்குப் புரிஞ்சே இருக்காது" என்றாள்.

"இது உனக்கு முன்னாடியே தெரியாதா? அம்மாந்தூரம் படிச்சியே?"

அவள் கண் கலங்கியது. "புத்தகத்துல இருக்கிறதுதான் பாட்டிமா. படிச்சேன், பரீட்சைகூட எழுதினேன். அந்த ரேக்குக்கு முன்னாடி நின்னப்ப ஞாபகம் வரல. நிறத்தைப் பாத்து ரிஜெக்ட்னு எழுதினது நான்தான்."

தானாக வாய் திறந்து சொன்னாள் பார். அதனால் அவளை விட்டேன்.

இப்போது ஒரு டேங்கில் அளந்து அளந்து இரும்பு உப்பு கலக்கிறார்கள், சாந்தி. அதற்கு எடை போட ஒரு மிஷின், பார்த்துக்கொள்ள இரண்டு ஆள். தயாளனுக்கு ஷீல்டு கொடுத்தார்கள். உற்பத்தியில் புது முறை கொண்டுவந்ததற்காம். அந்தப் போட்டோவைக் கேன்டீன் சுவரில்தான் மாட்டியிருக்கிறார்கள். தினமும் அதன் கீழேதான் காலை நாஷ்டா பரிமாறுகிறேன்.

நிவேதாவைக் கூட்டிக்கொண்டு மேடத்திடம் போனேன். சீட்டைப் பார்த்தார். பிறகு, "வேலை சரியாகத்தான் செஞ்சிருக்காங்கன்னு தெரியுது. ஆனா நீக்கினது, உத்தரவு இல்லாம போர் தண்ணி எடுத்ததுக்கு. உத்தரவு போட்டதைக் கேட்டவங்க யாராவது எழுதிக் குடுத்தா, மேலே அனுப்பி அலட்சியம்கிற சொல்லை எடுக்கச் சொல்றேன்" என்றார். குற்றவாளி மாதிரிதான் சொன்னார்.

அந்த ஒரு சொல்லை எடுக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். உன் மகள் தாரணிக்கு அந்தப் பேப்பர் இருக்கும் இடம் தெரியும். எடுத்துப் படிக்கிறாள். "அம்மா டிரம்முல கை உடக்கூட உடமாட்டாங்களே ஆயா. அது எப்படி அலட்சியம்?" என்று கேட்டாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்?

எழுதிக் கொடுடா என்று ஏழுமலையிடம் முதல் தரம் கேட்டேன், எழுந்து போய்விட்டான். இரண்டாம் தரம் கேட்டேன், சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மூன்றாம் தரம், ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைத்துக்கொண்டிருந்தபோது விடவில்லை.

"செத்தவளுக்கு இன்னாத்துக்குமா சர்டிபிகேட்டு?" என்றான்.

"அவ உன் பொண்டாட்டிடா."

"அன்னிக்கி நான் பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுத்தா, மறுநாளு என்னைத் தூக்கிடுவானுங்க. தாரணியை யாரு படிக்க வெப்பா? நீயா? டம்ளர் கழுவியா?"

"கழுவுவேன்."

"பேஜாரு பண்ணாதம்மா. சாந்தி என்னை எப்பவோ மன்னிச்சிட்டா. உனக்குத்தான் ஆறல."

மன்னித்துவிட்டாயா சாந்தி? நீ படுத்திருந்தபோது அவன் விசிறினான், நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதைத்தான் மன்னிப்பு என்கிறானா? காய்ச்சலில் கண் மூடுவதற்கும் மன்னிப்பதற்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாதா?

அவன் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மகளுக்குத் தலை வாரிவிடக் கற்றுக்கொண்டிருக்கிறான். உன் புடவை ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான், எனக்குத் தெரியாது என்று நினைக்கிறான். நியாயம் இருப்பதால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வெறும் அயோக்கியனாக இருந்தால் என் வேலை சுலபம்.

அதனால் நானே எழுதிவிட்டேன். அவன் அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் சொன்னதை அவன் வாய் வார்த்தையாகவே எழுதினேன். என்கொயரியில் அவன் பொய் சொன்னான் என்று எழுதினேன். அதைத் தெரிந்தும் நான் வாய்மூடி நின்றேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். தாரணிக்குப் படித்துக் காட்டினேன். இது கொடுத்தால் அப்பா வேலைக்கு ஆபத்து வரலாம், என் வேலையும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னேன். அவள் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, "குடு ஆயா" என்றாள். அதன் பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவனிடமும் காட்டினேன். முதுகுக்குப் பின்னால் செய்கிறவள் இல்லை நான். படித்தான். "பெத்தவளாம்மா நீ?" என்று கேட்டான். தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலை ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே போகும்போதே மேடத்தின் மேசையில் நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை வைப்பேன், சாந்தி. காதால் கேட்ட சேதி செல்லாது என்று திருப்பித் தந்தால், மறுநாளும் கொண்டுபோவேன். கேன்டீனிலிருந்து நிறுத்தினால் கேட்டுக்கு வெளியே நிற்பேன். உன் பேருக்கு முன்னால் இருக்கிற அந்தச் சொல்லை எடுக்கிற வரைக்கும் போவேன். அன்றைக்குத் திறக்காத வாய் இது. இனி மூடாது.

மனதில் வைத்திருந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக விட்டுக்கொண்டு வருகிறேன். மேடம் தெரியாமல் எழுதினார். நிவேதா ஒப்புக்கொண்டாள். தயாளன் வெளியாள், தன் வேலைக்குப் பயந்தான், நீ அவனுக்கு யாரோ. அவனைக்கூட விட்டுவிட்டேன். நான் செய்ததற்கு நாளைக்கு நானே பதில் சொல்லப் போகிறேன். ஒருவனை மட்டும் என்னால் முடியவில்லை. மூன்று தரம் வழி திறந்துவிட்டும் வராதவன். சோறு போடுவேன். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருவேன். மன்னிக்க மாட்டேன்.

உன் அத்தை,
கன்னியம்மா

அவன் பேர் ஏழுமலை. நான் வைத்த பேர்.